எங்கள் வண்டியில் 'சூடு' என்ற சொல் கிடையாது

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவரை விட்டுவிட்டேன் என்று பிறகு பேச்சு வரக் கூடாது. வண்டி ஓட்டியவன் நான், முனுசாமி. எனக்குப் பக்கத்துச் சீட்டில் மேனேஜர் தம்பி. சைக்கிளில் ஏழு பேர். அவர்களில் ஆறு பேர் காசு கட்டி வந்தவர்கள்: சென்னையிலிருந்து நாலு ஆண்கள், பெங்களூரிலிருந்து ஒருவர், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மேடம். ஏழாவது ஆள் வழிகாட்டி ஏழுமலை, கோலியனூர்க்காரன். ஆக மொத்தம் ஒன்பது பேர். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. முதலுதவிப் பெட்டி ஒன்று இருந்தது. அதில் பேண்டேஜும் வலிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயும் கிடந்தன. ஏழுமலைக்குத் தேவைப்பட்ட எதுவும் அதில் இல்லை.

சப்போர்ட் வண்டி ஓட்ட வந்திருக்கிற தம்பிகளே, பஞ்சர் ஒட்டுவதையும் செயின் மாட்டுவதையும் நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் போனிலேயே வருகிறது. நான் எட்டாவதோடு நின்றவன், எனக்கு அந்த அளவுக்கு விளக்கவும் வராது. நான் சொல்லப் போவது சைக்கிள்காரன் உட்காருகிற இடத்தைப் பற்றி. சிரிப்பு வரும். எங்களுக்கும் வந்தது. மூன்று நாளில் இரண்டு நாள் நாங்கள் அதைச் சிரித்தே கழித்தோம்.

நம் வேலை என்ன? சைக்கிள்களுக்குப் பின்னால் மெதுவாகப் போவது. தண்ணீர், பழம், பை எல்லாம் நம் வண்டியில். முன்னால் போகிறவர்களின் முகம் நமக்குத் தெரியாது. நாள் முழுக்க நமக்குத் தெரிவது முதுகும் இடுப்பும்தான். அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினால் சீட்டு உயரம் அதிகம் என்று அர்த்தம். ஒவ்வொரு மிதிக்கும் தோல் அரைபடும். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் மறுபக்கத்தில் புண் இருக்கிறது. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கிறவன் மேடு ஏறுகிறான். எப்போதாவது ஒரு தரம் நின்று மிதித்துவிட்டு உட்காருகிறவன் விவரமானவன், தோலுக்கு ஓய்வு கொடுக்கிறான். சமதளத்தில் உட்காரவே உட்காராமல் நின்று மிதிக்கிறவன் வலியில் நிற்கிறான்.

ஏழுமலை முதல் நாளே சமதளத்தில் நின்றான்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பதை ஒட்டிய வயது. சொந்த நிலம் கிடையாது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றுவான், கட்டட வேலைக்குப் போவான். சைக்கிள் மிதிப்பதில் மட்டும் அவனை அடிக்க ஆள் இல்லை. அதனால் சைக்கிள் டூர் நடத்துகிற எங்கள் கம்பெனி சீசனுக்கு நாள்கூலி வழிகாட்டியாக அவனைக் கூப்பிட ஆரம்பித்தது. முன்னால் போய்க்கொண்டே "ஹோல் சார்!", "டாக் சார்!", "ஸ்பீட் பிரேக்கர் மேடம்!" என்று குரல் கொடுப்பான். அந்தக் குரல் பின்னால் வண்டிக்குள் இருக்கிற எனக்கே கேட்கும். புறப்படுகிற அன்று காலையில் மேனேஜர் தம்பி எல்லார் முன்னாலும் அவனிடம் சொன்னார்: "ஏழுமலை, இந்த மூணு நாள் ரைட ஒரு கம்ப்ளைன்ட் இல்லாம முடிச்சிக் குடுத்துடு. அடுத்த மாசத்துலேர்ந்து உனக்கு மாசச் சம்பளம்." அவன் காதில் அதற்குப் பிறகு வேறு எதுவும் ஏறவில்லை என்று நினைக்கிறேன்.

முதல் நாள் பாண்டிப் பக்கத்திலிருந்து கிளம்பி இரும்பையில் தண்ணீருக்கு நிறுத்தினோம். கோயில் பக்கத்து மர நிழல். மேடம் ஒரு கிரீம் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு பொதுவாகவே சொன்னார்: "யாருக்காவது இப்பவே உரசுதுன்னா சொல்லிடுங்க. சேடில் சோர் வந்துட்டா மூணு நாளும் நரகம்."

ஏழுமலை என்னிடம் குனிந்து, "சோறுன்னா நான் ரெடிண்ணா, குழம்பு எங்க?" என்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேடத்துக்கும் கேட்டுவிட்டது.

"சிரிங்க, சிரிங்க. சீட்டுல உக்கார்ற இடத்துல வர்ற புண்ணுக்குத்தான் அந்தப் பேரு. பேட் வச்ச டவுசர் போட்டா உள்ள ஜட்டி போடக் கூடாது. ஜட்டித் தையல்தான் தோல அறுக்கும். கிரீம் தடவிக்கணும். எறங்கின உடனே ஈர டவுசரக் கழட்டிடணும். இதுல வெக்கப்பட ஒன்னும் இல்ல."

ஆண்கள் ஐந்து பேரும் கோயில் கோபுரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஏழுமலை "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, நன்றாக இருந்த செயினைத் துடைக்கப் போனான். வண்டிக்குப் பின்னால் நான் வந்ததும் மெல்லக் கேட்டான்.

"ஜட்டி இல்லாம எப்டிண்ணா? இந்த டவுசரு என்னுதா? யாரோ போட்டுட்டு வுட்டுட்டுப் போனது. அடுத்தவன் ஜட்டிய மாட்டிக்கினு போற மாரி இருக்காது?"

அவன் சொன்னது நிஜம். வந்து போகிறவர்கள் ஆபீசில் விட்டுவிட்டுப் போன டவுசர்களில் இரண்டைத் துவைத்து வழிகாட்டிகளுக்கு என்று வைத்திருந்தார்கள். புதிதாக வாங்கிக் கொடுப்பதில்லை. இன்னொருவன் உடம்போடு ஒட்டியிருந்த துணியை வெறும் உடம்பில் போட யாருக்கு மனசு வரும்? அதனால் உள்ளே ஜட்டி. ஜட்டியின் தையல், அதற்கு மேல் பேட், அதற்குக் கீழே கம்பெனியின் கல்லு மாதிரி சீட்டு. முழு உடம்பும் அந்தத் தையலில் உட்கார்ந்திருந்தது. டவுசர் வாங்கித் தராதவர்கள் 'உள்ளே எதுவும் போடாதே' என்று சொல்ல முடியாது, தம்பிகளே. இது புத்தி சொல்லித் தீர்கிற விஷயமில்லை.

அன்று மத்தியானத்துக்கு மேல் திண்டிவனம் நெருங்கும்போதுதான் அவன் நின்றுகொண்டே மிதிப்பதைப் பார்த்தேன். பிரேக்கில் கால் வைத்தேன். ஆனால் அன்றைக்கு ஏற்கெனவே நான் மூன்று தரம் வண்டியை நிறுத்தியிருந்தேன். டயரில் சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது என்று ஒரு தரம். மேகம் கறுக்கிறதே என்று ஒரு தரம். ஒரு நாய் அவர்கள் பக்கம் ஓடியதற்கு ஒரு தரம். மூன்றாவது தரம் மேனேஜர் தம்பி, "ண்ணா, உங்க பயத்துக்கெல்லாம் நான் டீசல் போட முடியாது" என்று சொல்லிவிட்டார். எனக்குச் சின்ன வயதிலிருந்து எல்லாவற்றுக்கும் பயம். பூட்டிய பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு: நிஜமாகவே பயப்பட வேண்டியது எது என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. அதனால் நாலாவது தரம் நிறுத்தவில்லை. சாயங்காலம் திண்டிவனத்தில் லாட்ஜில்தான் கேட்டேன்.

"இன்னாடா, நின்னுக்கினே வர்ற?"

"ஒன்னும் இல்லண்ணா, சூடு. சூட்டுக்கட்டி ஒன்னு. போன வாரம் ரைடுலயே வந்துச்சி. மல்லாட்டைக் கொட்டையாட்டம்தான் இருக்கு."

சூடு. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இது நம் ஊர்ச் சொல். வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. கண் எரிந்தால் சூடு, ஒன்றுக்குப் போகும்போது கடுத்தால் சூடு, உதடு வெடித்தால் சூடு, கட்டி வந்தால் சூடு. அது வியாதி இல்லை. உடம்புக்குள் ஏறியிருக்கிற ஏதோ ஒன்று, இறக்கிவிட்டால் இறங்கிவிடும். இளநீர் குடி, தொப்புளில் விளக்கெண்ணெய் வை, எண்ணெய் தேய்த்துக் குளி. டாக்டரிடம் போய் 'எனக்குச் சூடு' என்று யாராவது சொல்வானா? பயந்துகொண்டிருக்கிற மனுசனுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் போதும், அதோடு தூங்கிவிடுவான். நானும் தெருமுனைக்குப் போய் இரண்டு இளநீர் வாங்கி வந்து கொடுத்துவிட்டுத் தூங்கினேன்.

இரண்டாவது நாள் திண்டிவனத்திலிருந்து செஞ்சி, அங்கிருந்து கண்டாச்சிபுரம், சாயங்காலத்துக்குள் விழுப்புரம். நீளமான நாள். ராத்திரி துவைத்துப் போட்ட டவுசர் ஏழுமலைக்குக் காயவில்லை. அந்த பேட் லேசில் காயாது. ஈரத்தோடு மாட்டிக்கொண்டான். ஈரத் தோல் ஊறிப்போய் இருக்கும், ஊறிய தோல் சீக்கிரம் உரியும். மேனேஜர் தம்பி கெட்டவர் இல்லை. அவன் நெளிவதைப் பார்த்து ஒரு மெத்தென்ற ஸ்பாஞ்சு கவர் வாங்கிச் சீட்டில் மாட்டிவிட்டார். அது இன்னும் மோசம். மெத்து என்றால் உள்ளே அமுங்கும், அமுங்கினால் நகரும், நகர்ந்தால் உரசும். லாரிக்காரன் சீட்டுக்கு மெத்து நல்லது. சைக்கிள்காரனுக்கு வேண்டியது அசையாத சீட்டு.

அன்று அவன் தண்ணீர் குடித்தான் பாருங்கள். கேன் கேனாக. கண்டாச்சிபுரம் கடைத்தெருவில் மூன்று சொம்பு மோர் வாங்கிக் குடித்தான், அப்புறமும் நாக்கு வறண்டது என்றான். குடித்த வேகத்தில் ஒதுங்கப் போனான். சாலையோரம் புளியமரங்கள் வரிசையாக இருக்கிற இடம் அது. சென்னைக்காரர் ஒருவர், "நம்ம கைடு ஒரு மரம் விடாம அட்டெண்டன்ஸ் போட்டுக்கிட்டே வர்றார்பா" என்றார்.

"வனத்துறையில சொல்லி வச்சிருக்காங்க சார், மரம் வாடக் கூடாதுன்னு" என்றான் ஏழுமலை. எல்லாரும் சிரித்தோம். அவன்தான் அதிகம் சிரித்தான்.

வெயில் என்றோம். வெயிலில் எல்லாருக்கும்தான் தாகம் எடுக்கும். ஆனால் வெயிலில் தண்ணீர் வேர்வையாகத்தான் போகும், மரத்துக்கு மரம் போகாது. இது எங்கள் ஒன்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விழுப்புரம் லாட்ஜில் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு டியூபைக் கொடுத்தார். "அவர் எங்கிட்ட சொல்ல மாட்டார். நீங்க குடுங்க." கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழுமலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தான்.

"பொம்பள குடுத்த மருந்த அங்க எப்டிண்ணா தடவுறது?"

"அப்ப வீட்டுக்காச்சும் போய்ட்டு வா. கோலியனூரு இதோ இருக்கு. பஸ் ஏறினா பத்து நிமிசம்."

"போனா சுமதி பாத்துடுவா. பாத்துட்டா நாளைக்கி வுட மாட்டா."

சுமதி அவன் மனைவி. மாசச் சம்பளத்தைப் பற்றி அவளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டானாம். அதை முடித்துவிட்டுத்தான் வீட்டு வாசலை மிதிப்பது என்று இருந்தான். கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே சொன்னான்: "உடம்பு சூடா இருக்குண்ணா."

"அதான் நேத்தே சொன்னியே" என்றேன் நான்.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நேற்று அவன் 'சூடு' என்று சொன்னான். இன்றைக்கு 'உடம்பு சூடா இருக்கு' என்றான். முதல் சொல் நாட்டு வைத்தியக் கணக்கு. இரண்டாவது காய்ச்சல். ஒரே எழுத்து, ஒரே வாய். என் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்தன. எழுந்து போய், அவனை ஒருக்களிக்கச் சொல்லித் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன், கால் கட்டை விரலிலும் தடவினேன். நெற்றியில் கை வைக்கவில்லை. ஆண் பிள்ளைக்கு ஆண் பிள்ளை நெற்றியில் கை வைத்துப் பார்க்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

மூன்றாவது நாள். விழுப்புரத்திலிருந்து ஹைவே ஓரமாகவே திண்டிவனம், அங்கே சாப்பாடு, பிறகு பாண்டி. அதோடு ரைடு முடிய வேண்டும்.

காலையில் சைக்கிள் ஏறும்போது அவன் காலைத் தூக்கிப் போடவில்லை. சைக்கிளைத் தரையோடு சாய்த்து, அதைத் தாண்டி நின்று, பிறகு நிமிர்த்தினான். குழந்தையைத் தூக்கி நிறுத்துகிற மாதிரி. அதைப் பார்த்தேன். வண்டி நகர்ந்த பிறகு ஒரு குறை தெரிந்தது, என்ன என்று உடனே பிடிபடவில்லை. சத்தம் இல்லை. "ஹோல் சார்" இல்லை, "டாக் சார்" இல்லை. முன்னால் ஒரு பள்ளத்தில் பெங்களூர்க்காரர் சக்கரத்தை விட்டுவிட்டு ஒரு காலை ஊன்றி நின்றார். "பாஸ், சொல்லக் கூடாதா?" என்று கத்தினார். ஏழுமலை திரும்பிப் பார்க்கவே இல்லை.

"இது கம்ப்ளைன்ட் ஆயிடும்ணா" என்றார் மேனேஜர் தம்பி, என்னிடம்.

விக்கிரவாண்டி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஏழுமலை பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு வெளுத்திருந்தது. நான் மேனேஜர் தம்பியிடம் போய், "இவன வண்டியில ஏத்திக்கலாங்க" என்றேன்.

"ஏத்திக்கலாம்ணா. ஏறிட்டா ரைடு முடிக்கலன்னு ஆயிடும். மேல நான் இன்னா சொல்றது? நான் அவனுக்காகத்தான் பேசுறேன்."

ஏழுமலை காதில் அது விழுந்தது. கம்பை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தான்.

"ஏத்திடாதண்ணா. உன் கால்ல வுழறேன். திண்டிவனம் இருபத்தஞ்சு கிலோமீட்டரு. அத்த தாண்டிட்டா பாண்டிக்குக் கண்ண மூடிக்கினு போயிடுவேன். பேஜாரு பண்ணாதண்ணா."

இந்த இடத்தில் உங்களில் யாராவது இருந்தால் என்ன செய்வீர்கள்? அவன் பிழைப்பே அந்த இருபத்தைந்து கிலோமீட்டரில் இருந்தது. ஏற்றினால் நான் அவன் வேலையைப் பறித்தவன். ஏற்றாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு எப்போதும் இருக்கிற பயம்தான் இருந்தது, அந்தப் பயத்துக்கு இரண்டு நாளாக மதிப்பு இல்லை. நான் டீயைக் குடித்தேன். குடித்தேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மேடம்தான் எழுந்து வந்தார். கேட்காமல் கொள்ளாமல் அவன் நெற்றியில் கை வைத்தார்.

"ஏழுமலை, இவ்ளோ சூடா இருக்கே!"

"சூடுதாங்க மேடம்."

"அவனுக்குச் சூட்டு உடம்புங்க மேடம்" என்றேன் நானும்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தப்பாகப் படித்த பிள்ளையைத் தலைமையாசிரியர் பார்க்கிற பார்வை. "முனுசாமி, நான் சொல்றது அந்தச் சூடு இல்ல. இவருக்குக் காய்ச்சல் கொதிக்குது. கை வச்சுப் பாருங்க."

வைத்தேன். ஓடி வந்த வண்டியின் சைலன்சரில் கை வைத்த மாதிரி இருந்தது. கிட்டே போனதும் ஒரு நாற்றமும் வந்தது. வேர்வை நாற்றம் இல்லை. அதற்குள் ஏழுமலை காலியாகக் கிடந்த ஹைவேயைப் பார்த்து, தெளிவான குரலில், "டாக் சார்" என்றான். அங்கே நாய் இல்லை. ஒன்றுமே இல்லை.

நான் போய் வண்டியின் பின் கதவைத் திறந்து பைகளை இறக்க ஆரம்பித்தேன்.

"ண்ணா, இன்னா பண்றீங்க? லக்கேஜ் எல்லாம் கஸ்டமருது!"

"இங்கயே இருக்கட்டும்ங்க. நான் திரும்பி வந்து எடுத்துக்கறேன்."

"சாப்பாடு சொல்லியாச்சு. ரைடு நின்னுச்சுன்னா யாரு பொறுப்பு? நீங்க வண்டிய எடுத்தீங்கன்னா அப்டியே வீட்டுக்குப் போயிடுங்க, சொல்லிட்டேன்."

கால் மணி நேரத்துக்கு முன்னால் ஏழுமலையைப் பார்த்துக் கத்திய பெங்களூர்க்காரர் என்னோடு சேர்ந்து பைகளை இறக்கினார். அவரும் இன்னொருவரும் ஏழுமலையைத் தூக்கினார்கள். உட்கார வைக்க முடியவில்லை. குப்புறப் படுக்க வைத்தோம். மேடம் அவன் தலைப் பக்கம் ஏறிக்கொண்டார். விழுப்புரத்துக்கு இந்தப் பக்கம் வழியிலேயே பெரிய ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் வந்திருந்தோம். வண்டியைத் திருப்பினேன். பிரேக் பிடிக்குமா, எதிரே பஸ் வருமா, டீசல் இருக்கிறதா என்று அப்போதும் ஒவ்வொன்றுக்கும் பயந்தேன். பயந்துகொண்டே ஓட்டினேன். பின்னால் அவன் நடுநடுவே குரல் கொடுத்துக்கொண்டு வந்தான். "ஹோல் சார். ஹோல் சார்."

ஆஸ்பத்திரியில் டவுசரைக் கத்தரியால் வெட்டி எடுத்தார்கள். நர்ஸம்மா ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். நான் பார்த்தேன். பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை. மல்லாட்டைக் கொட்டை அளவு என்று அவன் சொன்னது தொடை வரைக்கும் பரவியிருந்தது, பாதி கறுத்திருந்தது.

"எத்தன வருசமா சுகர்?" என்று டாக்டர் கேட்டார்.

"சுகரெல்லாம் இல்லீங்க அவனுக்கு."

"டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?"

இல்லை. யார் எடுப்பார்கள்? சைக்கிளில் நூறு கிலோமீட்டர் மிதிக்கிறவனுக்குச் சுகர் வரும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. தாகமும், மரத்துக்கு மரம் ஒதுங்கியதும் அதுதான். உள்ளே சுகர் ஏறிக் கிடந்த உடம்பில் தையல் ஒரு சின்ன வாசலைத் திறந்துவிட்டது. உடனே அறுக்க வேண்டும், அழுகிய சதையை எல்லாம் எடுத்தால்தான் உயிர் நிற்கும், அப்படியும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள்.

சுமதி கோலியனூரிலிருந்து வந்து சேர்ந்தபோது அவனை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். வேலை செய்துகொண்டிருந்த சேற்றுக் காலோடு வந்திருந்தாள். அவளுக்குக் கட்டி இருந்ததே தெரியாது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். திண்டிவனத்தில் இளநீர் வாங்கிக் கொடுத்தது, மோர், விளக்கெண்ணெய், ஒன்று விடாமல் சொன்னேன். நாங்கள் அவனைக் கவனிக்காமல் விடவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவும் சொன்னேன் போலிருக்கிறது.

அவள் அழவில்லை. "ஊரெல்லாம் எளநி தேடிக்கினு போனீங்களே," என்றாள். "ஒருத்தராச்சும் அவுத்துப் பாத்தீங்களா?"

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். நான் வெளியே போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

ஏழுமலை பிழைத்தான். அதை முதலிலேயே சொல்லாததற்கு மன்னிக்க வேண்டும். பிழைத்ததைச் சொல்லிவிட்டால் நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்கள், எனக்கு அதில் விருப்பமில்லை. பல தரம் அறுத்தார்கள். மறு தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தார்கள். மாதக்கணக்கில் குப்புறவே கிடந்தான். இப்போது திண்டிவனத்தில் ஹைவே ஓரம் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டிய வேலை, அதனால்தான் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டான். உட்கார்ந்தால் அந்த இடம் தாங்காது. சோறும் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறான். புதிதாக வருகிற வண்டிக்காரர்கள் யாராவது, "செத்த உக்காருப்பா" என்றால், "உக்காந்து உக்காந்துதான் சார் இந்த உத்தியோகம் கெடச்சிது" என்பான். அவன் சிரிப்பு அப்படியே இருக்கிறது.

என்னை வீட்டுக்குப் போகச் சொன்னவர்கள், வேறு டிரைவர் கிடைக்காமல் இரண்டு வாரத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். போனேன். எனக்கும் பிழைப்பு வேண்டுமே. ஆனால் அதற்குப் பிறகு என் கண் பார்வை மங்கி வண்டி ஓட்டுவதை நிறுத்துகிற வரைக்கும் என் வண்டிக்குள் 'சூடு' என்ற சொல்லுக்கு இடம் கொடுக்கவில்லை. எரிச்சல் என்று சொல், வீக்கம் என்று சொல், காய்ச்சல் என்று சொல், சீழ் என்று சொல். சூடு என்று மட்டும் சொல்லாதே. பையன்கள் கேலி பண்ணுவார்கள். டீக்கடையில் கிளாஸை நீட்டி, "ண்ணா, பாத்து, காய்ச்சலா இருக்கு" என்பார்கள். பண்ணட்டும்.

கிளம்புகிற முன்னால் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். "எப்படி இருக்கு" என்று கேட்காதீர்கள். அதற்கு "நல்லா இருக்கு" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. "உக்கார்ற இடத்துல எரியுதா, கட்டி இருக்கா, நேத்து ராத்திரி பாத்தியா" என்று கேளுங்கள். அவனே பார்க்க முடியாத இடம் அது. போனில் ஒரு படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், பார்த்துவிட்டு அழித்துவிடட்டும். ஆளுக்கு ஒரு டவுசர் சொந்தமாக வேண்டும், மாற்றிக்கொள்ள இன்னொன்றும் வேண்டும். உள்ளே ஜட்டி வேண்டாம். உரசுகிற இடத்தில் கிளம்பும் முன்பே வாசலின் தடவிக்கொள்ளட்டும். உரிந்த பிறகு தடவினால் எரியும், தடுக்காது. இறங்கியதும் கழுவித் துடைத்துக் காய்ந்த துணி கட்டட்டும். கட்டி வந்தவனைச் சீட்டில் ஏற்றாதீர்கள், அது அடங்குகிற வரைக்கும் அவனுக்கு லீவு. கட்டியைக் கிள்ளவோ பிதுக்கவோ விடாதீர்கள். கூடவே காய்ச்சலோ, பரவுகிற வீக்கமோ இருந்தால் யாரையும் கேட்காமல் வண்டியைத் திருப்புங்கள். ரைடுக்கு வருகிற எவனாக இருந்தாலும் சுகர் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், கூலிக்கு வருகிறவனுக்குக் கம்பெனியே பார்க்கட்டும்.

இவ்வளவையும் செய்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டீர்களானால் எல்லாம் வீண். வண்டியில் ஏறினவனுக்கும் அன்றைய கூலி உண்டு என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். ஏறினால் கூலி போய்விடும் என்று இருக்கிற வரைக்கும் எந்த வழிகாட்டியும் உங்களிடம் வலி இருக்கிறது என்று சொல்ல மாட்டான். சூடு என்றுதான் சொல்வான்.

முதல் இரண்டு நாள் கூலியை ஏழுமலைக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது நாளை அவன் முடிக்கவில்லை, கம்பெனி ரூல் என்றார் மேனேஜர் தம்பி. பிறகு அவரும் வேறு இடம் போய்விட்டார். நான் என் கைக்காசைக் கொண்டுபோய்ப் பெட்ரோல் பங்கில் நீட்டினேன். ஏழுமலை வாங்கவில்லை.

"உன் காசு எனக்கு எதுக்குண்ணா? நீ எடுத்துக்கினு போ. விழுப்புரத்துலேர்ந்து அந்த டீக்கட வரைக்கும் நான் அந்த சீட்டு மேல உக்காந்துக்கினு வந்தனா இல்லியா? அப்டி உக்காந்ததுக்குத்தான் கேக்கறேன். உக்கார வச்சவங்க குடுக்கட்டும்."

இப்போதும் அந்தப் பக்கம் போனால் கேட்கிறான். நான்தான் ஆபீசுக்குப் போவதில்லை, நீங்கள் போகிறீர்கள். போகும்போது கேளுங்கள். கோலியனூர் ஏழுமலை, மூன்றாவது நாள் கூலி, ஆயிரத்து இருநூறு ரூபாய்.